பரணிலிருந்து ஒற்றையடிப் பாதைக்கு: மலாயாவில் புலி தேடிச் சென்ற குழுக்கள்

கர்நாடகத்தின் பந்திப்பூர், கபினிக் காடுகளிலும் இலங்கையின் யாலாவிலும் வழிகாட்டியோடு ஜீப்பில் ஏறும் சிறு குழு, புலியையோ சிறுத்தையையோ நேரில் பார்த்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு புறப்படுகிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. ஆயினும் மலாயாவிலும் புலியை முன்னிட்டுக் குழுக்கள் காட்டுக்குள் போயிருக்கின்றன, இன்றும் போகின்றன. வேட்டையாடப் போன காலத்துக்கும் காக்கப் போகும் காலத்துக்கும் நடுவில், பார்த்து மகிழப் போன காலம் ஒன்று பிற நாடுகளில் உண்டு. மலாயாவில் அது அநேகமாக உருவாகவே இல்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

மிளகும் கம்பீர்ச் செடியும் பயிரிடக் காட்டை அழித்துக்கொண்டு போன சிங்கப்பூரில் புலிகள் தோட்டக் கூலிகளை அடித்தன. கொல்லப்பட்ட ஒவ்வொரு புலிக்கும் அரசு பரிசுப் பணம் கொடுத்தது. 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில், இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளையே குழுக்களாகப் பிரித்து வேட்டைக்கு அனுப்பினார்கள். கைதிகளை மேற்பார்வையிட்ட மெக்நாயர் 1899இல் வெளியிட்ட நூலில் இச்செய்தி உள்ளது. பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஜே.டபிள்யூ.டபிள்யூ. பர்ச் 1875இல் கொல்லப்பட்டபின் அங்கே வந்து, 1878இல் இம்மாநிலத்தைப் பற்றி நூல் எழுதியவரும் இவரே. புலி வேட்டையின் இந்தப் பழைய பதிவில் இந்தியர் விரும்பிப் போனவர்களாக இல்லை, அனுப்பப்பட்டவர்களாக இருக்கிறார்கள்.

பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயமும் ரப்பரும் காட்டை விழுங்கியபோது புலிக்கும் இந்தியருக்குமான இந்த உறவு வேறு உருவம் எடுத்தது. பத்து காஜாவுக்கு அருகே வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் தொடங்கி, 1926இல் அவர் இறந்ததால் முடிவடையாமல் நின்ற மாளிகையைச் சுற்றுலாப் பயணிகள் அறிவார்கள். அதைச் சூழ்ந்திருந்த தோட்டத்தின் உழைப்பு தமிழருடையது. ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் தொழிலாளி விடியுமுன் தனியாக நிரைக்குள் நுழைந்தாக வேண்டும். வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும். காட்டு விளிம்பை ஒட்டிய தோட்டங்களில் அது புலி நடமாடும் நேரமும்கூட. லயத்துக் குடும்பங்கள் வளர்த்த மாடுகளோ அதற்கு எளிய இரை.

வெள்ளைக்காரர் வேட்டை பெரும்பாலும் இந்த இழப்பின் மேல்தான் நடந்தது. அடர்ந்த காட்டில் புலியைத் தேடிப் பிடிப்பது அரிது. அது அடித்துப் போட்ட மாட்டருகே மரத்தில் பரண் கட்டி, இருட்டில் காத்திருப்பதே வழக்கமான முறை. 1950ஐ ஒட்டித் திரங்கானுவின் கெமாமானில் அதிகாரியாக இருந்த ஆர்தர் லாக், 1954இல் எழுதிய நூலில் இம்முறையை விரிவாக விளக்குகிறார். மாடு அடிபட்ட இடத்தைக் காட்டவும், பரண் கட்டவும், தடம் பார்க்கவும் உள்ளூர்க்காரர் வேண்டும். ஆகவே இதுவும் வழிகாட்டியோடு சென்ற சிறு குழுதான். துப்பாக்கி பிடித்தவரின் பெயர் மட்டும் நூல்களில் தங்கியது. மாட்டைப் பறிகொடுத்தவர் பெயர் தங்கவில்லை. தோட்ட முதியவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்யாதவரை இவ்வரலாறு பாதி வரலாறுதான்.

எதிர்க்குரலும் வேட்டைக்காரர்களிடமிருந்தே எழுந்தது. தோட்டக்காரராகவும் வேட்டைக்காரராகவும் இருந்த தியோடர் ஹபக், 1930களின் தொடக்கத்தில் காட்டுயிர் ஆணையத்தை நடத்தி, பெரும் காப்பகத்துக்காக வாதாடினார். அதன் விளைவான ஐந்தாம் ஜார்ஜ் தேசியப் பூங்காவே இன்றைய தாமான் நெகாரா. புலிக்கு முழுச் சட்டப் பாதுகாப்பு 1976இல்தான் வந்தது.

இந்தியாவில் எஃப்.டபிள்யூ. சாம்பியன் 1920களிலேயே புலியை இரவில் படமெடுத்துக் காட்டினார். ஜீப் சுற்றுலா பின்னால் வந்தது. மலாயாவில் அந்தப் பாதை திறக்காததற்குக் காரணம் காடே. மழைக்காட்டில் புல்வெளி கிடையாது. மான் கூட்டம் கிடையாது. ஒவ்வொரு புலிக்கும் மிகப் பரந்த நிலம் வேண்டும். பத்தடிக்கு அப்பால் இலைதான் தெரியும். இங்குள்ள சிறுத்தைகளிலும் பெரும்பாலானவை கருஞ்சிறுத்தைகள். அவற்றின் புள்ளிகளையே அகச்சிவப்புப் படத்தில்தான் ஆய்வாளர் பிரித்தறிகிறார்கள். 2007இல் அறிவிக்கப்பட்ட, 1,17,500 ஹெக்டேர் பரப்புள்ள ராயல் பெலூம் பூங்காவுக்கு கிரிக் வழியாகப் போகும் பயணிகள் படகில் ஏறி, இருவாசியையும் ரஃப்ளீசியா மலரையும் பார்க்கிறார்கள். புலி அங்கே வாழ்கிறது; பயணத் திட்டத்தில் இடம்பெறுவதில்லை.

இதற்கிடையே எண்ணிக்கை சரிந்தது. லாக் காலத்து மதிப்பீடு 3,000. 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்பு 150க்கும் குறைவு என்றது. காடு சுருங்கியது ஒரு காரணம். மீந்த காட்டில் வைக்கப்படும் கம்பிக் கண்ணி அதைவிடக் கொடியது என்பேன்: மலிவானது, சத்தமில்லாதது, புலியையும் அதன் இரையான கடமானையும் ஒன்றுபோலக் கொல்லும். அண்மை ஆண்டுகளில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் புலியின் மற்றோர் இரையான காட்டுப்பன்றிகளையும் தாக்கியிருக்கிறது.

இந்த நெருக்கடியில்தான் புதுவகைக் குழு பிறந்தது. 2003இல் அமைந்த மைகேட் என்னும் புலிப் பாதுகாப்புக் கூட்டணி, 2010இல் பொதுமக்களைக் காட்டுக்கு அழைக்கத் தொடங்கியது. இடம் பகாங்கில் மெராப்போவை ஒட்டிய சுங்கை யூ: தாமான் நெகாராவையும் தித்திவாங்சா மலைத்தொடரையும் இணைக்கும் குறுகிய காட்டு வழி. வழிகாட்டியின் பின்னே சிலர் நடக்கிறார்கள். கால்தடத்தையும் எச்சத்தையும் குறிக்கிறார்கள். கண்ணி தென்பட்டால் இடத்தைப் பதிந்து, செயலிழக்கச் செய்து, தகவல் தருகிறார்கள். ஆள் நடமாட்டம் உள்ள பாதையில் கண்ணி வைக்கக் கள்ள வேட்டையாடுபவர் தயங்குவார் என்பதே இதன் அடிப்படை. புலியைப் பார்க்க முடியாது என்று தெரிந்தே பணமும் விடுமுறையும் செலவழித்து வருகிறார்கள். இதை நான் சுற்றுலாவின் ஒரு கிளையாக எண்ணவில்லை; குடிமக்கள் செய்யும் காவலாகவே கருதுகிறேன். பேராக்கின் பெலூம்-தெமெங்கோர் காட்டில் இதே காவலை ஓராங் அஸ்லிப் பூர்வகுடி இளைஞர்கள் முழுநேர ரோந்துப் பணியாகச் செய்கிறார்கள்.

பத்து காஜாவைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. அங்கு பிறந்தவர்களின் பிள்ளைகள் நகரங்களில் இருக்கிறார்கள். சுங்கை யூவுக்குப் போக அவர்களுக்கு நல்ல சாலை உண்டு: சிம்பாங் பூலாயில் மலையேறி, கேமரன் மலையைத் தாண்டி, குவா மூசாங்கில் இறங்கித் தெற்கே திரும்ப வேண்டும். மெராப்போவைக் கடந்ததும் சுங்கை யூ பகுதியில் சாலை உயரமான பாலங்கள் மேல் ஏறிவிடுகிறது. காட்டு விலங்குகள் கீழே கடந்து செல்வதற்காகவே கட்டியவை அவை.