எவரும் ஆட்சேபம் கூறலாம்: தில்லித் தெருக்களின் சரித்திரம்

தலைநகராகிய தில்லியில் கரோல்பாக் என்னும் பகுதியைக் கேள்விப்படாத தமிழர் அரியர். உத்தியோகம் நாடி வடக்கே வந்த நம்மவரில் எத்தனையோ குடும்பங்கள் அங்கே மாடியறைகளிலும் பர்ஸாத்திகளிலும் வாடகைக்கு இருந்து வாழ்க்கையைத் தொடங்கின. அப்பகுதியின் பழைய வீட்டு வரிசைகள் பலவற்றில் இன்று வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கீழே நகைக் கடை, துணிக் கடை. மேலே தங்கும் விடுதி. நடுவே எங்கேனும் ஒரு குடும்பம். குடியிருப்பதற்கென்று வகுத்த நிலம் வியாபாரத்துக்கும் உரியதாக மாறுவது எவ்வாறு? மாறுவதற்கு முன் அங்கு வாழ்வோரை எவரேனும் ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்டார்கள் என்றால், எத்தனை நாள் அவகாசம் தந்து கேட்டார்கள்? தில்லியின் அண்மைக்காலச் சரித்திரத்தில் இவ்வினாக்களுக்கு விடை உண்டு.

வீடு வேறு, கடை வேறு என்று எல்லை கட்டிப் பிரிப்பது நம் நாட்டின் பழைய வழக்கம் அன்று. ஷாஜகான் எழுப்பிய பழைய தில்லியில் வணிகன் கீழே விற்பான், மேலே உறங்குவான். நம் கோயில் நகரங்களிலும் திண்ணையே கடையாக இருந்த தெருக்கள் உண்டு. இப்பிரிவினை மேல்நாட்டு நகரமைப்புக் கொள்கையோடு இங்கு வந்து சேர்ந்தது. ஆலைப் புகையும் சந்தை இரைச்சலும் உறங்கும் குழந்தையை எட்டக் கூடாது என்பது அதன் நோக்கம். நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. ஆனால் தில்லி அதனை ஏற்றுக்கொண்ட வேளை மிகவும் நெருக்கடியான வேளை. 1941ஆம் ஆண்டுக் கணக்கில் 9 லட்சத்துச் சொச்சமாக இருந்த ஜனத்தொகை, 1951இல் 17 லட்சத்தையும் கடந்துவிட்டது. தேசப் பிரிவினையால் வீடு இழந்து வந்தவர்கள் மட்டுமே ஏறத்தாழ 5 லட்சம் பேர். லாஜ்பத் நகர், ராஜேந்திர நகர், படேல் நகர் என்று அவர்களுக்காகக் காலனிகள் எழுந்தன. கையில் முதல் இல்லாத அகதி, கிடைத்த வீட்டின் முன்னறையில் நாலு தையல் இயந்திரங்களை வைத்துப் பிழைக்கத் தொடங்கினான். அதைத் தவறென்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. வந்திருக்கவும் கூடாது என்பதே நம் எண்ணம்.

1955ஆம் ஆண்டின் இறுதியில் தில்லியில் மஞ்சட்காமாலை நோய் பெருவாரியாகப் பரவிற்று. கழிவுநீர் யமுனையின் குடிநீர்த் துறையில் கலந்ததே அதற்குக் காரணம். பல்லாயிரக்கணக்கானோர் நோய்வாய்ப்பட்டனர். நகரத்தை அதன் போக்கில் வளரவிட்டால் என்ன நேரும் என்பதை ஆட்சியாளர் கண்ணெதிரே கண்டனர். அமெரிக்கப் போர்டு நிறுவனம் அனுப்பிய நிபுணர்கள், ஆல்பர்ட் மேயர் என்பாரின் தலைமையில், நம் நாட்டு நகரமைப்பாளர்களோடு சேர்ந்து உழைத்தனர். 1957இல் பாராளுமன்றம் தில்லி வளர்ச்சிச் சட்டத்தை இயற்றியது. அவ்வாண்டு முடிவதற்குள் தில்லி வளர்ச்சி ஆணையம் அமைந்தது.

இச்சட்டத்தின் 10ஆம் பிரிவைச் சற்று நின்று படிக்க வேண்டும். திட்டத்தை முடிவு செய்வதற்கு முன் அதன் நகலை ஆணையம் வெளியிட வேண்டும். அதுபற்றி ஆட்சேபங்களையும் யோசனைகளையும் கோர வேண்டும். யாரிடமிருந்து? எந்த நபரிடமிருந்தும் என்கிறது சட்டம். நிலத்தின் உரிமையாளர் என்று சொல்லவில்லை. வரி செலுத்துபவர் என்று சொல்லவில்லை. அவ்வூரில் பிறந்தவர் என்றும் சொல்லவில்லை. பின்னர் 1963இல் சேர்க்கப்பட்ட 11-ஏ பிரிவு, முடிந்த திட்டத்தில் மாறுதல் செய்வதானாலும் இவ்வாறே எந்த நபரையும் கேட்க வேண்டும், வந்தவற்றை எல்லாம் ஆலோசிக்க வேண்டும் என்று விதித்தது. பொது அறிவிப்பை எப்படித் தெரிவிப்பது என்பதையும் சட்டம் கூறுகிறது. கண்ணில் படும் இடங்களில் ஒட்டலாம், உள்ளூர்ப் பத்திரிகையில் வெளியிடலாம், தமுக்கடித்தும் அறிவிக்கலாம்! மன்னர் காலத்து வழக்கம் ஒன்று குடியரசின் சட்டப் புத்தகத்தில் இடம்பெற்றிருக்கிறது. ஒன்றை மட்டும் சட்டம் எண்ணிட்டுச் சொல்லவில்லை. எத்தனை நாள் அவகாசம் என்பதற்கு, அறிவிப்பில் குறிக்கும் தேதிக்குள் என்பதே அதன் பதில். பின்னர் விளைந்த வழக்குகளில் சில, இந்த ஒரு சொற்றொடரின் வழியாகவே நுழைந்தன எனலாம்.

1960ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி முதல் பெருந்திட்டத்தின் நகல் வெளியாயிற்று. 600க்கு மேற்பட்ட ஆட்சேபங்களும் யோசனைகளும் வந்தன. பொதுமக்கள் எழுதினர், வீடு கட்டும் கூட்டுறவுச் சங்கங்கள் எழுதின, தொழிலதிபர் சங்கங்கள் எழுதின, அரசாங்க இலாகாக்களே கூட எழுதின. அவற்றை ஆராயத் தனிக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. 1962 செப்டம்பர் 1 முதல் திட்டம் அமலுக்கு வந்தது. இருபது லட்சத்தைத் தாண்டிவிட்ட ஒரு நகரத்துக்கு 600 கடிதங்கள் அதிகம் அல்ல. ஆயினும் அரசாங்கம் தீட்டிய வரைபடத்தைப் பார்த்துச் சாமானியன் குறை சொல்லலாம் என்பதே அன்று புதுமைதான்.

திட்டம் எங்கே இடறிற்று? காகிதத்தில் கடைகளுக்கும் இடம் இருந்தது. நகரெங்கும் மாவட்ட வணிக மையங்கள் பதினைந்து எழும் என்று குறித்திருந்தார்கள். திட்ட காலமான 1981க்குள் அவற்றில் சிலவே உருப்பெற்றன. நிலம் முழுவதையும் அரசாங்கமே கையகப்படுத்தி, செப்பனிட்டு, விற்பது என்பது ஏற்பாடு. கடைக்குரிய மனைகள் ஏலத்துக்கு வந்தன. ஏலத்தில் எடுக்கும் வசதி சின்ன மளிகைக்காரனுக்கு ஏது? நகரமோ பெருகிக்கொண்டே போயிற்று. புதிய காலனிக்கு வந்தவர்களுக்குப் பாலும் காய்கறியும் மருந்தும் வேண்டியிருந்தன. ஆகவே கடை வீட்டுக்குள் புகுந்தது. கண்ட அதிகாரிகளிற் சிலர் நோட்டீசு கொடுத்தனர். சிலர் கண்டும் காணாதவராயினர். வேறு சிலர் கையை நீட்டினர் என்பது ஊரறிந்த செய்தி. 1990இல் வந்த இரண்டாம் பெருந்திட்டம், கலப்பு உபயோகம் என்ற ஒன்று உண்டென்று ஒப்புக்கொண்டு அதற்குச் சில நிபந்தனைகளை வகுத்தது. தெருக்கள் அந்நிபந்தனைகளுக்குக் காத்திருக்கவில்லை.

2006ஆம் ஆண்டு கணக்குத் தீர்க்கும் ஆண்டாயிற்று. பிப்ரவரி 16ஆம் தேதி உச்சநீதிமன்றம், எம். சி. மேத்தா வழக்கில், குடியிருப்புக் கட்டடங்களில் சட்டத்துக்கு முரணாக நடக்கும் வணிக இடங்களுக்கு முத்திரை வைக்க ஆணையிட்டது. அதிகாரிகளின் பாராமுகத்தையும் கடுமையாகக் கண்டித்தது. மேற்பார்வைக்கென மூவர் குழு நியமிக்கப்பட்டது. மார்ச் இறுதியில் கதவுகளில் அரக்கு முத்திரை விழத் தொடங்கியது. வியாபாரிகள் கடையடைப்புச் செய்தனர். மே மாதத்தில் பாராளுமன்றம் ஓராண்டுக்குத் தடுப்புச் சட்டம் இயற்றியது. அச்சட்டமும் நீதிமன்றத்துக்குப் போயிற்று. இடையே திட்டத்தை மாற்றப் பொது அறிவிப்பு வெளியாகி, ஆட்சேபங்கள் பெறப்பட்டு, செப்டம்பர் 7ஆம் தேதி கலப்பு உபயோக விதிகள் பிறந்தன. அடுத்த வாரமே தில்லி அரசாங்கம் 2,183 தெருக்களைக் கடைகளுக்குத் திறந்துவிடும் பட்டியலை வெளியிட்டது. அதன் பிறகும் அமைதி திரும்பவில்லை. செப்டம்பர் 20ஆம் தேதி சீலம்பூரில் போராட்டத்தின்போது போலீசார் சுட்டதில் உயிர்கள் பலியாயின.

குடியிருப்போர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. நிம்மதியான தெரு என்று நம்பி வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு வாங்கியவர், வாசலில் தம் வண்டியை நிறுத்த இடமின்றி, இரவெல்லாம் ஜெனரேட்டர் சத்தத்தில் கிடக்க வேண்டுமா என்று கேட்டார். மறுபக்கம் வியாபாரி, முப்பது ஆண்டுகளாக விற்பனை வரி வாங்கிக்கொண்ட சர்க்கார் இன்றைக்கு என்னைத் திருடன் என்கிறதே என்றார். இருவரும் சொன்னது உண்மை. தெரு மாறிக்கொண்டிருந்த அந்த முப்பது ஆண்டுகளில் இவ்விருவரையும் ஒரு மேசைக்கு முன் உட்காரவைத்துக் கேட்க ஒருவரும் முன்வரவில்லை என்பதே நம் குறை. கேள்வி பிறந்தபோது கடை ஏற்கனவே இருந்தது, முத்திரையும் வீழ்ந்திருந்தது. நடந்து முடிந்ததற்கு ஆட்சேபம் கோருவது, கலியாணம் ஆன பிறகு ஜாதகம் பார்ப்பதை ஒக்கும்.

2007 பிப்ரவரி 7ஆம் தேதி மூன்றாம் பெருந்திட்டம் வெளியாயிற்று. அதன் நகலின் மீது முன்பே ஏறத்தாழ 7,000 ஆட்சேபங்கள் வந்திருந்தன. 600 எங்கே, 7,000 எங்கே! கலப்பு உபயோகத்துக்கென ஒரு தனி அத்தியாயமே அதில் உண்டு. அதில் நமக்குப் பிடித்த பகுதி, 20 சதுர மீட்டருக்கு மேற்படாத சிறு கடைகளின் ஜாபிதா. காய்கறி, மளிகை, பால், மாவரைக்கும் யந்திரம், தையல், துணி தேய்த்துத் தருதல், உட்கார இடமில்லாத டீக்கடை ஆகியன வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கலாம்; செல்வர் வாழும் காலனிகளிலும் இருக்கலாம். மனிதர் வாழும் இடத்தில் எது தேவை என்பதை 1962ஆம் ஆண்டுத் திட்டத்தைவிட இந்த ஜாபிதா நன்கு அறிந்திருக்கிறது. ஆனால் அதே அத்தியாயம் காலனிகளைச் சொத்துவரிக்கான ஏ, பி, சி என்னும் வகைப்படியே பிரித்து நடத்துகிறது. நடுத்தரமான சி, டி வகைக் காலனிகளில் புதிதாக ஒரு தெருவைக் கலப்புத் தெருவாக அறிவிக்க, குடியிருப்போர் நலச்சங்கத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும். பல சங்கங்களில் வாக்குரிமை உடையவர் வீட்டுக்காரரே. மாடியில் வாடகைக்கு இருக்கும் குமாஸ்தாவும், அவர் மனைவி நடத்தும் பாட்டு வகுப்பும் அந்தக் கலந்தாலோசனையில் எங்கே வருகின்றன? கீழ்த்தளம் கடையானால் வாடகை உயரும். முதலில் வெளியேறுபவர் அவரே. வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களில் வாடகை வீட்டில் இருப்போர் எத்தனை பேர் என்பதை நேயர்களே அறிவீர்கள்.

2017 டிசம்பரில் உச்சநீதிமன்றம் மேற்பார்வைக் குழுவுக்கு மீண்டும் உயிர் தந்தது. முத்திரையிடுதல் மறுபடி தொடங்க, 2018 பிப்ரவரியில் கடைக்காரருக்குச் சலுகை தரும் மாறுதல்களை ஆணையம் முன்மொழிந்தது. ஆட்சேபம் கூற மூன்று நாள் கொடுத்தது. மூன்றே நாள்! அறிவிப்பைக் கண்டு, பொருளறிந்து, எழுதி, தபாலில் சேர்ப்பதற்குள் கெடு முடிந்துவிடும். அறிவிப்பு இருந்தது, கேட்டாயிற்று என்ற பதிவும் இருந்தது, அவகாசந்தான் இல்லை. மார்ச் 6ஆம் தேதி உச்சநீதிமன்றம் இம்மாறுதல்களை நிறுத்திவைத்தது. மே மாதத்தில் தடையைத் தளர்த்தியபோது, ஆட்சேபங்களுக்குப் பதினைந்து நாளேனும் தரும்படி செய்தது. சட்டம் எண்ணிடாமல் விட்ட இடத்தில் நீதிமன்றம் ஓர் எண்ணை எழுதியது.

அதே 2018ஆம் ஆண்டில், நம்மவர் பலர் அரசாங்கக் குடியிருப்புகளில் வாழ்ந்த தென் தில்லியில் வேறொரு நிகழ்ச்சி. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் முதலிய ஏழு காலனிகளை இடித்துக் கட்டும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2016இல் ஒப்புதல் அளித்திருந்தது. செலவை ஈடுகட்ட ஒரு பகுதி வணிகக் கட்டடங்களாக விற்கப்படும் என்பது ஏற்பாடு. குடியிருப்பாக இருந்த நௌரோஜி நகர் வணிக வளாகமாயிற்று. பெருங்குரல் எழுந்ததோ ஆயிரக்கணக்கான மரங்கள் கோடரிக்கு இலக்கானபோதுதான். ஜூன் மாத வெயிலில் மக்கள் மரங்களைச் சூழ்ந்து நின்றனர். தில்லி உயர்நீதிமன்றம் வெட்டுவதை நிறுத்திவைத்தது. நிலத்தின் உபயோகம் மாறுவதைக் கெஜட்டில் படிப்பார் சிலர். மரம் விழும் ஓசை எல்லாருக்கும் கேட்கும்.

2041ஆம் ஆண்டை நோக்கிய நான்காம் பெருந்திட்டத்தின் நகல் 2021 ஜூனில் வெளியாயிற்று. முதலில் 45 நாள் அவகாசம். தொற்றுநோய்க் காலத்தில் அது போதாது என்று குரல் எழவே, மேலும் ஒரு மாதம் நீட்டினார்கள். ஏறத்தாழ 33,000 ஆட்சேபங்களும் யோசனைகளும் வந்து குவிந்தன. விசாரணைக் குழு 14 முறை கூடி அவற்றைக் கேட்டது. 2023 பிப்ரவரியில் ஆணையம் திட்டத்தை ஏற்று மத்திய அரசாங்கத்தின் அங்கீகாரத்துக்கு அனுப்பியது.

நிலத்தின் உபயோகத்தை மாற்றும்போதெல்லாம் இத்தகைய அறிவிப்புகள் நாளிதழ்களின் உட்பக்கத்தில், சிறிய எழுத்தில், ஏல விளம்பரங்களுக்கு நடுவே வருகின்றன. மனை எது, இன்ன உபயோகத்திலிருந்து இன்ன உபயோகத்துக்கு, எந்தத் தேதிக்குள் என்பன அதில் இருக்கும். தில்லியில் பதில் சேர வேண்டிய இடம் விகாஸ் சதன், ஆணையத்தின் செயலாளர். எழுதுவோர் தம் பெயரையும் விலாசத்தையும் குறிக்க வேண்டும் என்று கேட்பார்கள். வீடு சொந்தமா, வாடகையா என்று கேட்பதில்லை.