மூன்று தலைமுறைப் பெயர்கள்

“நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கலாகாது” என்பது பழமொழி. ஆயினும் மலைநாட்டிற் பிறந்த எம்மவர்க்கு மூலம் பார்ப்பது வெறும் பொழுதுபோக்காக அமையவில்லை. சட்டம் அதனைக் கட்டாயமாக்கிற்று. இவ்வுண்மையை நாம் நன்கு உணர்ந்தது, முதன்முதலாகக் கலந்துகொண்ட ஒரு வம்சாவளி மகாநாட்டினாலேயாகும்.

அமெரிக்க நாட்டின் சோல்ட் லேக் நகரில், ‘ரூட்ஸ்டெக்’ என்னும் பெயருடன் 2011ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மகாநாடு அது. 2021 முதல் இணையவழியாகவும் கட்டணமின்றி அதிற் பங்குபற்ற முடிகின்றது. பதுளையில் நண்பரொருவர் வீட்டில், ஒரு கணினியைச் சுற்றி அமர்ந்து அதனைக் கேட்டோம். தேவாலயப் பதிவேடுகளிலும் கப்பற் பயணிகளின் பட்டியல்களிலும் மூதாதையரைத் தேடும் வகை விளக்கப்பட்டது. கேட்கக் கேட்க வியப்பு மிகுந்தது. கூடவே ஒரு வினாவும் எழுந்தது: எம் முன்னோர் எந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்?

மிஷன் பாடசாலையிற் பயின்ற நாம், மத்தேயு சுவிசேஷத்தின் முதலாம் அதிகாரத்தை மனப்பாடம் செய்தவர்கள். ஆபிரகாம் முதல் இயேசு வரையுள்ள வம்ச வரிசையைத் தடையின்றி ஒப்புவிப்போம். ஆனால் சென்ற ஆடி அமாவாசையன்று பதுளை ஓயாக் கரையில், எள்ளும் நீரும் இறைக்கையில், தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று பெயர்களைக் குருக்கள் கேட்டபோது, எம் தந்தையார் இரண்டோடு நின்றுவிட்டார். கோத்திரம் அறியாதார்க்குச் சிவகோத்திரம் உண்டு. பெயர் அறியாதார்க்கு என்ன உண்டு?

கடல் கடந்த தமிழர் யாவர்க்கும் இக்கதி நேரவில்லை. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளராக நேட்டாலுக்குச் சென்ற சுமார் 1,52,000 இந்தியருக்குக் கப்பற் பட்டியல்கள் உள. அவற்றிலே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர் என்பன எழுதப்பட்டன. மொறீசியசுக்குச் சென்றோரின் ஏடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவகத்திற் பேணப்படுகின்றன. கொடிய ஒப்பந்தமே அது. எனினும் அதன் ஏடுகள் பேரப்பிள்ளைகளுக்கு ஊர்ப் பெயரையாவது காட்டுகின்றன.

இலங்கைக்கோ எம்மவர் கங்காணிமாரின் பின்னே வந்தனர். கங்காணியின் கடன் கணக்கிலும், பின்னர் தோட்டத்துச் செக்ரோலிலுமே அவர் பெயர் ஏறிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட தகரவில்லை, போய்ச்சேர வேண்டிய தோட்டத்தைக் காட்டிற்று. தகப்பன் பெயரைக் காட்டவில்லை. பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924இலேதான். அதற்கு முன் ஊவா மலைகளுக்கு நடந்து ஏறியோரில், வழியில் மாண்டவர் பெயரை எழுதிவைத்தவர் யார்?

வரும்போது கேளாத பத்திரத்தை, நாடு அவர்தம் பேரப்பிள்ளைகளிடம் கேட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டப்படி, அவ்வாண்டு நவம்பர் 15ஆந் தேதிக்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சவழிப் பிரசையாவதற்கு, அவர் தந்தை இங்கு பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். ஓயாக் கரையிற் குருக்கள் கேட்ட அதே மூவர்! குருக்கள் பெயரை மட்டுமே கேட்டார். சட்டம் பிறந்த இடத்துக்கு அத்தாட்சியும் கேட்டது. லயத்து அறையில், மருத்துவிச்சி கையிற் பிறந்த பிள்ளை அத்தாட்சிக்கு எங்கே போகும்?

1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. உரிமை பெற்றவர் ஒன்றரை இலட்சத்துக்குங் குறைவு. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாக்கப்பட்டனர். எம் பாட்டனாரின் தம்பி கோத்தகிரிக்குப் போனது இப்பங்கீட்டினாலேதான். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினர்க்கும், அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை வழங்கிற்று. உரிமையை மறுத்ததும் வம்சாவளியைக் காட்டியே. அளித்ததும் வம்சாவளியைக் காட்டியே.

மகாநாடு முடிந்த வாரம், பாட்டியாரின் தகரப் பெட்டியைத் திறந்தோம். பாட்டனாரின் பெயர் மூன்று தாள்களில் மூன்று விதமாக இருந்தது. தந்தையார் மறந்த அந்த மூன்றாம் பெயர் எதிலும் இல்லை. பாட்டியாரையே கேட்டோம். “ஏன் சாமி, இத்தன வருசமா ஒருத்தரும் எங்கிட்ட கேக்கலியே!” என்றவர், அப்பெயரையும், துறையூர்ப் பக்கத்து ஊர் ஒன்றையும் தயக்கமின்றிச் சொன்னார். கணவன் பெயரை வாயாற் சொல்லாத தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். சடங்கும் சட்டமும் ஆண்வழியையே கேட்டன. ஞாபகமோ அடுப்படியில் இருந்தது.

வாலிப நண்பர்களே! 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, லயங்களோடு குடும்பங்களின் பத்திரங்களும் புதையுண்டன. ஆதலின் பழைய தாள்களைப் படம்பிடித்து, ஒன்றுக்கு இரண்டு இடங்களில் வையுங்கள். அதற்கு முன், இன்றிரவே ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு பாட்டிமாரின் அருகில் அமருங்கள். வருகின்ற ஆடி அமாவாசையில் எம் தந்தையார் மூன்று பெயர்களையும் சொல்லுவார். உங்கள் வீட்டிலும் அவ்வாறே ஆகுக.