கல்யாணம் ஆனா சரியாயிடும்

பத்தொன்பது வயதில், மாதவிடாய் வலி தாங்காமல் காலேஜ் பஸ்ஸிலேயே சுருண்டு விழுந்தேன். அன்று பார்த்த டாக்டரம்மா, என் முகத்தைப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னார்: "கல்யாணம் ஆகி ஒரு குழந்தை பொறந்தா எல்லாம் சரியாயிடும்மா." எங்க பாட்டி சொன்னதும் அதேதான். இது பாட்டிகளிடமிருந்து டாக்டர்களுக்குத் தொற்றிய வைத்தியம் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். மருத்துவ இதழ்களிலும் இதற்கு ஒரு பூர்வீகம் உண்டு என்று பிறகுதான் தெரிந்தது.

எண்டோமெட்ரியோசிஸ் என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவில் ஆல்பனி நகரத்து மருத்துவர் ஜான் சாம்ப்சன். சினைப்பையில் சாக்லேட் நிறத்தில் பழைய ரத்தம் தேங்கிய கட்டிகளைப் பற்றி 1921இல் எழுதினார். மாதவிடாய் ரத்தத்தில் கொஞ்சம் கருக்குழாய் வழியாகப் பின்னால் போய், அதிலுள்ள கருப்பை உட்படலத் துணுக்குகள் வயிற்றுக்குள் ஒட்டி வளர்கின்றன என்பது 1927இல் அவர் தந்த விளக்கம். ஆனால் கருக்குழாய் அடைபடாத பெண்களில் 90 சதவீதம் பேருக்கு ரத்தம் அப்படிப் பின்னால் போகிறது என்று 1984இல் ஹால்மே குழு காட்டியது. நோயோ ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான். மிச்சக் கதை இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை.

பாஸ்டன் மருத்துவர் ஜோ மெய்க்ஸ் அவ்வளவு காத்திருக்கவில்லை. 1930, 40களில், காசு கொடுத்துத் தனியாகப் பார்க்கவந்த வசதியான பெண்களிடம் இந்நோய் அதிகம் தெரிவதைக் கவனித்தார். கல்யாணத்தையும் பிள்ளைப்பேற்றையும் தள்ளிப்போடுவதுதான் காரணம் என்றார். சீக்கிரம் கல்யாணம் செய்யப் பெற்றோர் பண உதவி செய்யலாம் என்றுகூட யோசனை சொன்னார். (எங்க பாட்டிக்குப் பிடித்துப் போயிருக்கும்.) 'வேலைக்குப் போகும் பெண்களின் நோய்' என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டது. ஆபரேஷன் வரை போக வசதி இருந்தவர்களுக்குத்தான் நோய் கண்டுபிடிக்கப்பட்டது என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

ஏழைகளுக்கும் கறுப்பினப் பெண்களுக்கும் அதே வலிக்கு வேறு பெயர்: இடுப்புக்குழித் தொற்று. 'நடத்தை' பற்றிய சந்தேகமும் அதற்குள்ளேயே இருந்தது. 1976இல் சிகாகோ மருத்துவர் டொனால்ட் சாட்மன், அப்படி முத்திரை குத்தப்பட்ட கறுப்பினப் பெண்களை லேப்ராஸ்கோப்பியில் பார்த்தார். ஐந்தில் ஒருவருக்கு எண்டோமெட்ரியோசிஸ்.

எனக்கு இருபத்தி மூன்றில் கல்யாணம், இருபத்தைந்தில் மகள். பால் மறந்த கையோடு வலி திரும்பி வந்தது. நோய்க்குப் பெயர் தெரிந்தபோது இருபத்தெட்டு வயது.

இந்நோயைக் குணப்படுத்துவதற்காக மட்டும் கர்ப்பமாகச் சொல்லக்கூடாது என்று 2022இல் ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டி எழுதியது. குடும்பத்தில் தாய்க்கோ சகோதரிக்கோ இருந்தால் வரும் வாய்ப்பு அதிகம் என்பதையும் சேர்த்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அடுக்களைக்குப் போனவள் திரும்பி வந்தாள்.

"அப்ப எனக்கும் இதானாடி இருந்துச்சு?"

அவளுக்கு நாற்பத்தி இரண்டு வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. ரிப்போர்ட்டும் வீட்டில் இல்லை.