ஐந்து டாலர் ரைஃபிள்: பாயிண்ட் டூ டூவின் கதை

இந்த எபிசோட் ஒரு போன் காலில் ஆரம்பிச்சது.

காலேஜில் என்னோடு படிச்ச நண்பன் ஒருத்தன் இப்போ டெக்ஸாஸில் வேலை பார்க்கிறான். போன வருஷம் கிரீன் கார்டு வந்துடுச்சு. ஒரு ராத்திரி கூப்பிட்டு, "மச்சான், ஒரு ரைஃபிள் வாங்கலாம்னு இருக்கேன். வேட்டைக்கெல்லாம் இல்லடா. சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போய் பேப்பர் டார்கெட்டை சுடணும், அவ்ளோதான். விலை கம்மியா, பாயிண்ட் டூ டூ. எதை வாங்கட்டும்?" என்றான்.

என்னைக் கேட்கக் காரணம் இருக்கு. நாங்க ரெண்டு பேரும் என்.சி.சி. கேம்பில் பக்கத்துப் பக்கத்தில் குப்புறப் படுத்து சுட்டவங்க. ஆளுக்கு 5 தோட்டா, 25 மீட்டர். தோளில் உதையே இல்லை. "என்னடா, பொம்மைத் துப்பாக்கி மாதிரி இருக்கு" என்று இவன்தான் சிரிச்சான். சுட்டு முடிச்சதும் ஹவில்தார் காலி கேஸ்களை எண்ணினார். ஒண்ணு குறைஞ்சது. மொத்த பேட்ச்சும் அரை மணி நேரம் புல்லுக்குள்ளே தேடினோம். சுண்டு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு பித்தளைத் துண்டுக்காக! அது கிடைச்ச பிறகுதான் சாப்பாடு.

அந்த சின்னப் பித்தளைத் துண்டுக்கு ஏறக்குறைய 180 வருஷ வரலாறு இருக்கு. நண்பனோட கேள்விக்கான பதிலும் அதுக்குள்ளேதான் இருக்கு.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். பெரிய ரைஃபிள்களின் தோட்டாவில், அடிப்பாகத்தின் நடுவில் பிரைமர் என்று ஒரு சின்ன மூடி தனியாக இருக்கும். அதைக் குத்தினால் தீப்பொறி வரும், உள்ளே இருக்கும் வெடிமருந்து பற்றிக்கொள்ளும். ரிம்ஃபயரில் அந்தத் தனி மூடி கிடையாது. தீப்பொறி தரும் ரசாயனத்தை, தோட்டாவின் அடியில் விளிம்பு மடிப்புக்குள்ளேயே பூசிவிடுவார்கள். ஃபயரிங் பின் அந்த விளிம்பை நசுக்கும். அதனால்தான் ரிம்ஃபயர் என்று பெயர்.

விளிம்பு நசுங்கணும் என்றால் தகடு மெல்லிசாக இருக்கணும். தகடு மெல்லிசு என்றால் உள்ளே அழுத்தம் அதிகமாகக் கொடுக்க முடியாது. அழுத்தம் குறைவு என்றால் துப்பாக்கியும் கனமான இரும்பில், நுணுக்கமான பூட்டு அமைப்போடு இருக்கத் தேவையில்லை. ஒரே ஒரு டிசைன் முடிவிலிருந்து மற்ற எல்லாமே வரிசையாக வந்து விழுது பாருங்க. தோட்டாவும் மலிவு, துப்பாக்கியும் மலிவு, உதையும் கம்மி, சத்தமும் கம்மி. ஒரே குறை, ஒரு தடவை விளிம்பு நசுங்கினால் அந்த கேஸ் முடிந்தது. மறுபடி மருந்து நிரப்பிப் பயன்படுத்த முடியாது.

இதன் ஆரம்பம் பிரான்ஸ். 1845ல் ஃப்ளோபேர் என்ற துப்பாக்கித் தொழிலாளி, தீப்பொறி மூடியின் மேலேயே ஒரு சின்ன ஈயக் குண்டைப் பொருத்தினார். தனியாக வெடிமருந்தே இல்லை. எதுக்கு? வசதியான வீடுகளின் வரவேற்பறையில், விருந்துக்கு வந்தவர்கள் பொழுதுபோக்காகக் குறி பார்த்துச் சுட. ஆமாம், வீட்டுக்குள்ளேதான்!

1857ல் அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அந்த யோசனையை வளர்த்து, கொஞ்சம் வெடிமருந்தும் சேர்த்து, பாயிண்ட் டூ டூ ஷார்ட் என்ற தோட்டாவையும் அதுக்கு ஒரு குட்டி ரிவால்வரையும் கொண்டுவந்தார்கள். அடுத்த சில வருஷத்தில் உள்நாட்டுப் போர். நிறைய சிப்பாய்கள் சொந்தக் காசில் அதை வாங்கி சட்டைக்குள் வைத்துக்கொண்டார்கள். விளையாட்டுக்குப் பிறந்தது சுமார் பதினாறு வருஷத்திலேயே போர்க்களத்துக்குப் போய்விட்டது. இதை ஞாபகத்தில் வெச்சுக்கங்க, திரும்ப வருவோம்.

1887ல் ஸ்டீவன்ஸ் நிறுவனம் கொண்டுவந்ததுதான் லாங் ரைஃபிள் தோட்டா. 40 கிரெயின் குண்டு, அதாவது சுமார் 2.6 கிராம். இன்றைக்கு உலகம் முழுக்க பாயிண்ட் டூ டூ என்றால் பெரும்பாலும் இதுதான். 130 வருஷத்துக்கும் மேலாக பேக்வர்ட் கம்பேட்டிபிள்! நான் எழுதின கோட் மூணு வருஷம் தாண்டினாலே எனக்கு ஆச்சரியம்.

தோட்டா ரெடி. சாதாரண மனுஷன் வாங்கக்கூடிய ரைஃபிள்? அதைச் செய்தது வின்செஸ்டர். ஜான் பிரவுனிங் வடிவமைத்த மாடல் 1900, ஒரு நேரத்தில் ஒரே தோட்டா போடும் எளிமையான போல்ட் ரைஃபிள். விலை 5 டாலர். 1914ல் ஹென்றி ஃபோர்டு தன் தொழிலாளிகளுக்கு நாளுக்கு 5 டாலர் கூலி என்று அறிவித்தபோது, அது அமெரிக்காவே வாயைப் பிளந்த சம்பளம். அதை வெச்சுப் பார்த்தால், நல்ல வேலையில் இருந்த ஒருத்தரின் ஒரு நாள் கூலி ஒரு ரைஃபிள்.

அதே சமயத்தில் பிரிட்டன் வேறொரு காரணத்துக்காக இதே தோட்டாவிடம் வந்து சேர்ந்தது. 1899ல் தொடங்கிய போயர் போரில், தென்னாப்பிரிக்க விவசாயிகளின் குறி பிரிட்டிஷ் ராணுவத்தை அசைத்துப் பார்த்தது. சாதாரண ஜனங்களுக்கும் சுடத் தெரியணும் என்று லார்ட் ராபர்ட்ஸ் பிரசாரம் செய்தார். ஊர் ஊராக மினியேச்சர் ரைஃபிள் கிளப்கள் வந்தன. 1908 லண்டன் ஒலிம்பிக்ஸில் சிறுரகத் துப்பாக்கிப் போட்டிகளே இடம்பெற்றன. ராணுவத்தின் லீ என்ஃபீல்டு ரைஃபிள்களையே பாயிண்ட் டூ டூவாக மாற்றிப் பயிற்சிக்குக் கொடுத்தார்கள். அந்த வழக்கத்தின் வால்தான் நம்ம என்.சி.சி. வரைக்கும் நீண்டு வந்தது. நாங்க புல்லில் தேடின அந்த காலி கேஸுக்கு போயர் போர் ஒரு வகையில் தாத்தா.

சரி, நண்பனிடம் வருவோம். அவன் லிஸ்ட்டில் மூன்று இருந்தது. மூன்றுமே மூன்று காலகட்டம்.

முதலாவது, பழைய வின்செஸ்டர் 67. 1934ல், பொருளாதார மந்த நிலையின் நடுவில் வந்தது. மாடல் 1900ன் பேரன் மாதிரி. ஒரே தோட்டா. போல்ட்டை மூடினால் மட்டும் சுடத் தயாராகாது, பின்னாலுள்ள குமிழைக் கையால் இழுக்கணும். செலவைக் குறைக்கச் செய்த எளிமைதான், ஆனால் புதிதாகக் கற்கும் பையனுக்கு அதுவே பாதுகாப்பு.

இந்த மாதிரிப் பழைய ரைஃபிள் வாங்கும்போது ஒரு விஷயம் பார்க்கணும். 1920கள் வரைக்கும் தோட்டாக்களின் தீப்பொறி ரசாயனத்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்ட பிறகு அது பேரலுக்குள் உப்பாகப் படியும். உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் துருவைக் கொண்டுவரும். பெசன்ட் நகரில் ஜன்னல் கம்பி என்ன ஆகும் என்று தெரிஞ்சவங்களுக்கு விளக்கமே வேண்டாம். சுட்ட அன்றைக்கே சுத்தம் செய்யாத வீடுகளில் பேரல் பாழானது. 1920களின் பின்பாதியில் ரெமிங்டன் துருப்பிடிக்க வைக்காத கிளீன்போர் தோட்டாக்களைக் கொண்டுவந்தது. பழைய டப்பாக்கள் அதுக்கப்புறமும் கொஞ்ச காலம் புழக்கத்தில் இருந்தன. அதனால் வெளியில் பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. போல்ட்டைக் கழற்றிவிட்டு பேரலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்க்கணும்.

இரண்டாவது, மார்லின் மாடல் 60. 1960ல் வந்தது. பேரலுக்குக் கீழே குழாய் மாதிரி மேகசின், ஒவ்வொரு தடவை ட்ரிகரை இழுக்கும்போதும் ஒரு குண்டு. ரிம்ஃபயரில் அழுத்தம் குறைவு என்று சொன்னேன் இல்லையா? அதனால் தானாகத் தோட்டா ஏற்றும் துப்பாக்கிக்கும் சிக்கலான பூட்டு தேவையில்லை. போல்ட்டின் எடையும் ஒரு ஸ்பிரிங்கும் போதும். அதனால்தான் செமி ஆட்டோமேட்டிக்கும் மலிவு.

மூன்றாவது, 1964ல் வந்த ருகர் 10/22. அறிமுக விலை ஐம்பது சொச்சம் டாலர். 10 தோட்டாக்களைச் சக்கரம் போல் சுற்றி வைக்கும் மேகசின். என் மாதிரி ஆட்களுக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. பேரலை இரண்டே திருகுகளில் பொருத்தியிருந்தார்கள். வீட்டிலேயே கழற்றலாம். விளைவு, மற்ற கம்பெனிகள் எல்லாம் இதுக்கு பேரல், ட்ரிகர், கட்டை என்று உதிரி பாகங்கள் செய்ய ஆரம்பித்தன. ஓப்பன் பிளாட்ஃபார்ம்னு நாம சொல்ற அதே கதை.

இதுவரைக்கும் கேட்டால் நல்ல பொறியியல் கதை மாதிரி இருக்கும். ஆனால் இங்கே நிறுத்தினால் நான் பாதிக் கதை சொன்ன மாதிரி.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ரைஃபிளைத் தபாலில் வாங்கலாம். கேட்டலாக்கைப் பார்த்து, பணம் அனுப்பினால் வீட்டுக்கு வரும். வின்செஸ்டர் 67 போன்ற பல மலிவு ரைஃபிள்களில் சீரியல் நம்பர்கூடக் கிடையாது. 1963ல் ஜான் கென்னடியைக் கொன்ற ரைஃபிள், ரிம்ஃபயர் அல்ல, ஆனால் பொய்ப் பெயரில் தபாலில் வாங்கப்பட்டது. 1968 ஜூன் 5, லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு ஹோட்டலின் சமையலறைப் பக்கம் அவர் தம்பி ராபர்ட் கென்னடி சுடப்பட்டார். மறுநாள் இறந்தார். அந்தக் கையில் இருந்தது ஒரு மலிவான பாயிண்ட் டூ டூ ரிவால்வர்.

அதே வருஷம் அக்டோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வேறு மாநிலத்திலிருந்து தபாலில் வாங்குவது நின்றது. வேறு மாநிலத்திலிருந்து வாங்குவதென்றால் லைசென்ஸ் உள்ள கடை வழியாகத்தான் வாங்கணும். புதிதாகத் தயாராகும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் நம்பர் கட்டாயம். வரவேற்பறைப் பொழுதுபோக்காகப் பிறந்த ஒரு பொருளுக்கு, அது பொம்மை இல்லை என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள 123 வருஷம் ஆனது.

இன்னொரு கணக்கும் சொல்றேன். லாங் ரைஃபிள் குண்டு உயர்த்திச் சுட்டால் சுமார் ஒன்றரை மைல் வரை போகும். எழும்பூரில் சுட்டால் சென்ட்ரலையும் தாண்டும். 25 மீட்டரில் பேப்பரைச் சுடுபவருக்கு இந்த எண் எதுக்கு? பேப்பருக்குப் பின்னால் என்ன இருக்கு என்று யோசிக்கத்தான். நல்ல மண் மேடு இல்லாத இடத்தில் சுடவே கூடாது.

கடைசியாக, விலை. ரைஃபிள் ஒரு தடவை வாங்குவது, தோட்டா ஒவ்வொரு வாரமும். 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலை நடந்தது. இனி சட்டம் கடுமையாகும் என்ற பயத்தில் ஜனங்கள் வாங்கிக் குவிக்க, 2013ல் கடைகளில் பாயிண்ட் டூ டூ தோட்டாவே கிடைக்கவில்லை. உலகத்திலேயே மலிவான தோட்டா என்று நம்பி ரைஃபிள் வாங்கினவர்கள், ஒரு டப்பாவுக்காகக் காலையிலேயே கடை வாசலில் நின்றார்கள்.

அதனால் நண்பனிடம் நான் சொன்னது இதுதான். "பேரல் சுத்தமா இருக்கிற பழைய சிங்கிள் ஷாட்டா பார்த்து வாங்குடா. ஒவ்வொரு தோட்டாவையும் கையால போடணும்னா, ஒவ்வொண்ணுக்கும் நிதானமா குறி பார்ப்ப. தோட்டாச் செலவும் குறையும். மிச்சப் பணத்துல பூட்டு போட்ட பெட்டி ஒண்ணு வாங்கு. வீட்ல குழந்தை இருக்கு."

"சரிடா" என்று சொல்லிவிட்டு ருகர் வாங்கினான்.

பெட்டியும் வாங்கினான், அது வரைக்கும் சந்தோஷம். முதல் சனிக்கிழமையே 500 தோட்டா டப்பா ஒன்று காலி. ரெண்டு மாசம் கழித்து மெசேஜ் வந்தது: "மச்சான், இப்பல்லாம் மேகசின்ல ஒண்ணு ஒண்ணாதான் போடுறேன். கிளம்புறதுக்கு முன்னாடி காலி கேஸை எண்ணவும் செய்றேன். ரேஞ்சுல எல்லாரும் ஒரு மாதிரி பார்க்கிறாங்க."

பார்க்கட்டும். அந்த ஹவில்தார் இதைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம் மக்களே.