மண்ணுள் கிடந்த மோட்டார் கார்



பழம்பொருள் ஒன்று பழுதுற்றால் அதனைப் புதுப்பிப்பதா, கிடந்தவாறே காப்பதா என்னும் வினா கோயிலுக்கும் கோட்டைக்கும் மட்டும் உரியதன்று. மோட்டார் காருக்கும் உண்டு. அமெரிக்க நாட்டில், ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரில் இவ்வினா எழுந்த வரலாற்றை இன்று கூற விழைகின்றேன்.

1907-இல் அமைந்த அம்மாநிலத்தின் பொன்விழா 1957-இல் வந்தது. அவ்வமயம் டல்சா நகரத்தார் புத்தம்புதிய பிளிமத் பெல்வெடியர் கார் ஒன்றை நீதிமன்றத்தின் முன்னே கான்கிரீட் நிலவறையில் வைத்து மூடினர். ஐம்பது ஆண்டு கழித்துத் திறப்பதாக ஏற்பாடு. பொன்னிறமும் வெண்ணிறமும் கலந்த அழகிய வண்டி அது. நிலவறை அணுகுண்டையும் தாங்கும் என்று பெருமை பேசினர். 2007-இல் பெட்ரோல் என்னும் பொருளே கிடைக்காது போகலாம் என்று ஐயுற்று, பத்துக் காலன் பெட்ரோலையும் உடன் வைத்தனர். அந்நாளில் நகரின் மக்கள்தொகை என்னவாக இருக்கும் என்று உண்மைக்கு மிக அணுக ஊகித்து எழுதுவோர்க்கே வண்டி என்று போட்டியும் வைத்தனர்.

2007 ஜூன் திங்களில் மூடியை அகற்றினர். உள்ளே நீர் தேங்கி நின்றது. அணுகுண்டை எண்ணியோர் நீர்க்கசிவை எண்ணினாரல்லர்! உறையைப் பிரித்தபோது சேறும் துருவுமே காட்சியளித்தன. இருக்கைகள் மக்கியிருந்தன, பின்புற வில்கள் வலுவிழந்திருந்தன. ஆனால், பற்றவைத்து மூடிய எஃகுக் கலம் ஒன்றும் உடன் புதைக்கப்பட்டிருந்தது. அதனுள் இருந்த கடிதங்களும், 48 விண்மீன்கள் கொண்ட அமெரிக்கக் கொடியும் கெடாமல் கிடைத்தன. (அலாஸ்காவும் ஹவாயும் மாநிலங்களானது 1959-இல், ஆதலின் அக்கொடியில் ஐம்பது விண்மீன்கள் இல்லை.) போட்டியில் 3,84,743 என்று எழுதி வென்றவரோ 1979-இலேயே காலமாகிவிட்டார். வண்டி அவருடைய முதிய சகோதரிகளுக்கு உரியதாயிற்று.

துரு நீக்கும் மருந்து செய்யும் நியூ ஜெர்சி நிறுவனம் ஒன்று வண்டியைப் பெற்றுச் சென்று, சேற்றையும் மேல்துருவையும் பொறுமையுடன் அகற்றியது. ஆங்காங்கே பழைய வண்ணம் தலைகாட்டிற்று. காண்போர்க்கு ஆசை எழுவது இயல்பே. ஆயினும் பழைய காரை மதிப்பிடுவோர் வண்ணத்தைக் கண்டு மயங்கலாகாது. முதலில் அடியிற் குனிந்து அடிச்சட்டத்தைப் பார்த்தல் வேண்டும்; திருப்புளியால் குத்தினால் உள்ளே இறங்குகிறதா என்று நோக்குதல் வேண்டும். சட்டம் திண்மையாக இருந்து, தரைத்தகடு மட்டும் அரித்திருப்பின், தகடு ஒட்டி ஓட்டலாம்; ஓடுதற்கென்றே பிறந்த பொருளை ஓடவைப்பதில் பிழையில்லை. இவ்வண்டியிலோ இரும்பு பல இடங்களில் காகிதம் போல் நொய்ந்திருந்தது. ஓட்டவேண்டுமாயின் சட்டம், தரை, என்ஜின், இருக்கை யாவும் வேறு வண்டிகளினின்று வரவேண்டும்.

இவ்விடத்து என் பிழை ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். நான் தலைமையாசிரியனாயிருந்த காலத்தில் பள்ளி மண்டபத்துச் சுவர்க்கடிகாரம் நின்றுபோயிற்று. யந்திரத்தை மாற்றுவித்தேன். பின்னர் முகத்தகடு மங்கலாகத் தோன்றவே அதனையும், கறையான் அரித்த பெட்டியையும் மாற்றினேன். கடிகாரம் செவ்வனே ஓடிற்று. ஆண்டுவிழாவிற்கு வந்த பழைய மாணவர் ஒருவர் அண்ணாந்து பார்த்து, “ஐயா, நம் கடிகாரத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள்?” என்றார். அவருக்கு நான் என்ன விடை கூறுவேன்!

1957-ஆம் ஆண்டின் பிளிமத் கார்கள் இன்றும் பலரிடம் உள்ளன. பளபளக்கும் வண்டி வேண்டுவோர் விலைக்கு வாங்கலாம். ஐம்பது ஆண்டு நிலத்துள் நீரிற் கிடந்தது இஃதொன்றே. துருவை முற்றும் களைந்து புதுத்தகடு பூட்டினால், மண்ணுள் கிடந்த வரலாறும் அத்துருவோடு போய்விடும். மேலும் கெடாமல் நிறுத்துவதே தக்கது என்பது என் துணிபு. நடந்ததும் அதுவே. வண்டியை ஓடவைக்கும் முயற்சி கைவிடப்பட்டது. 2017-இல் அது இல்லினாய் மாநிலத்து ரோஸ்கோ என்னும் ஊரிலுள்ள காட்சிசாலையைத் துருவேறிய கோலத்திலேயே சென்றடைந்தது.

டல்சா நகரத்தார் இதற்குள் மற்றொரு காரையும் அடைத்து வைத்துவிட்டனர். தம் நகரின் நூற்றாண்டை ஒட்டி 1998-இல் பிளிமத் பிரௌலர் ஒன்றை, இம்முறை தரைக்கு மேலே அறை கட்டி மூடினர். பிளிமத் என்னும் பெயரில் கார் செய்வது 2001-இல் நின்றுபோயிற்று. அவ்வறையை 2048-இல் திறப்பதாக ஏற்பாடு. உங்களிற் பலர் அச்செய்தியைக் கேட்க இருப்பீர்கள்.