எதைப் போட்டாலும் படிக்கிற பொட்டி

போன தை மாசம் அறுப்பு முடிஞ்ச கையோட தங்கச்சி மகன் ஊருக்கு வந்திருந்தான். பரண்ல கிடந்த பிஸ்கட் டப்பாவைக் கிளறி மூணு சிடியை எடுத்துக்கிட்டு வந்தான். "மாமா, இது அம்மா கல்யாண சிடிதானே? இதுல தாத்தா நடந்து வருவாராமே?"ன்னான்.

கல்யாணம் நடந்தது 2001-ல. அப்பா 2005-ல போய்ச் சேந்துட்டார். இவன் பொறந்தது அதுக்கு அடுத்த வருஷம். தாத்தாவை மாலை போட்ட போட்டோவுல பாத்திருக்கானே தவிர, அவர் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நடக்கிறதைப் பாத்ததில்ல. அவன் லேப்டாப்புல சிடி போட இடமே கிடையாது. எங்க வீட்டுப் பழைய பிளேயர் எலி கடிச்சு செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. சரி, டவுனுக்குப் போயி ஒரு பிளேயர் வாங்கிட்டு வருவோம்னு கிளம்பினோம். எதை வாங்குறதுன்னு பஸ்ஸுல அவனுக்குச் சொல்லிக்கிட்டு வந்ததுதான் இந்தக் கதை.

எங்க ஊருக்கு முதல்ல வந்தது டெக்கு. காதுகுத்து, திருவிழா, கருமாதி எதுவா இருந்தாலும் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுப்பாங்க. விடிய விடிய மூணு படம் ஓடும். கேசட்டுல ஒரு நிம்மதி என்னன்னா, எந்தக் கடையில எடுத்தாலும் அந்த டெக்குல ஓடும். ஜேவிசி கம்பெனி 1976-ல கொண்டு வந்த விஎச்எஸ் கேசட்டுதான் எங்க பக்கம் எல்லாக் கடையிலயும் இருந்தது. வாங்குறவனுக்குக் குழப்பமே இல்ல.

குழப்பம் வந்தது சிடியோட. பாட்டு சிடி 1982-லயே வந்துடுச்சு. அதே 12 சென்டிமீட்டர் தட்டுல படத்தையும் அடைக்கலாம்னு 1993-ல பிலிப்ஸ், சோனி, ஜேவிசி, மாட்சுஷிட்டா சேந்து விசிடிக்கு விதி எழுதினாங்க. ஆனா அதை வீட்டுப் பொருளா ஆக்கினது சீனாக்காரங்க. அன்ஹுய் மாகாணத்துல ஹெஃபெய் ஊர்ல ஜியாங் வான்மெங்னு ஒருத்தரும், அமெரிக்காவுல இருந்த சுன் யான்ஷெங்னு ஒருத்தரும் சேந்து வான்யான்கிற கம்பெனி ஆரம்பிச்சு, வீட்டு விசிடி பிளேயரை முதல்ல செஞ்சாங்க. காப்புரிமை வாங்கி வைக்கல. மத்த கம்பெனிகள் பிரிச்சுப் பாத்து அதே மாதிரி செஞ்சு வித்துச்சு. வெதைச்சவன் ஒருத்தன், அறுத்தவன் ஊரு பூரா. ஆனா அதனாலதான் விலை விழுந்து எங்க தெரு வரைக்கும் அந்தப் பொட்டி வந்துச்சு.

விசிடியில ஒரு கணக்கு இருக்கு. பாட்டு சிடி சுத்துற அதே வேகத்துல படமும் ஓடணும்னு வச்சாங்க. அதனால பாட்டு 74 நிமிஷம்னா படமும் 74 நிமிஷம்தான். நம்ம தமிழ்ப் படம் ரெண்டரை மணி நேரம். ரெண்டு சிடியில அடங்காம மூணாவதுக்குப் போகும். மூணு சிடி ஒண்ணா போடுற பிளேயர் அவ்வளவு வித்ததுக்கு இதுதான் காரணம். படம் டெக்கை விடத் தெளிவுன்னு சொல்ல முடியாது, வேகமா ஆள் ஓடினா கட்டம் கட்டமாத் தெரியும். ஆனா திரும்பச் சுத்த வேணாம், நாடா சிக்காது.

தங்கச்சி கல்யாணத்துக்கு ஸ்டூடியோக்காரர் மூணு விசிடி எழுதிக் குடுத்தார். அப்போ எங்க தெருவுல பெரிய பிளேயர் ஒண்ணுதான், சிங்கப்பூர்ல இருந்து வந்தவர் கொண்டு வந்த டிவிடி பிளேயர். வீட்டோட எல்லாரும் அங்க போயி உக்காந்தோம். சிடியைப் போட்டா உள்ள வாங்கிச்சு, கிர்ருன்னு சுத்திச்சு, 'நோ டிஸ்க்'னு எழுதிக் காட்டுச்சு. மூணையும் போட்டுப் பாத்தாச்சு, அதே பதில். அப்பாவுக்கு முகம் சுண்டிப் போச்சு. "காசு குடுத்து ஏமாந்துட்டமோ?"ன்னு கேட்டார். மறுநாள் டீக்கடையில இருந்த மலிவு விசிடி பிளேயர்ல போட்டா மூணும் கிண்ணுன்னு ஓடுது!

ஏன்னு எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆச்சு. சிடி படிக்கிற லேசர் 780 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத ஒளி. 1996-ல ஜப்பான்ல வந்த டிவிடிக்கு 650 நானோமீட்டர், சிவப்பு ஒளி. ஒளி பொடிசா இருந்தாத்தான் 4.7 ஜிபி அளவுக்கு நெருக்கமா எழுதினதைப் படிக்க முடியும். கம்பெனியில அச்சடிச்ச சிடியைச் சிவப்பு லேசரும் படிச்சிடும். ஆனா ஸ்டூடியோக்காரர் எழுதுறது சிடி-ஆர். அதுல ஒரு சாயம் பூசியிருக்கும். அந்தச் சாயம் சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பாது. லேசர் ஒண்ணே ஒண்ணு வச்ச அந்தக் காலத்து டிவிடி பிளேயருக்கு அந்தத் தட்டு இருக்கிறதே தெரியாது. பின்னாடி ரெண்டு லேசரும் வச்சுச் செய்ய ஆரம்பிச்சாங்க, பிரச்சனை தீந்துச்சு. விலை கூடுனது எல்லாத்தையும் படிக்கும்னு நெனச்சது எங்க தப்பு.

அடுத்த குழப்பம் டிவ்எக்ஸ். மைக்ரோசாப்ட் கம்பெனியோட எம்பெக்-4 நிரலை ஜெரோம் ரோட்டாங்கிற பிரெஞ்சுக்காரர் மாத்தி, ஏவிஐ கோப்புல அடங்குற மாதிரி செஞ்சுட்டார். 1999 வாக்குல அது இன்டர்நெட்டுல பரவிச்சு. மூணு சிடி பிடிச்ச படம் ஒரே 700 எம்பி சிடியில அடங்கிப் போச்சு. பின்னால அதே பேர்ல கம்பெனியும் வந்துச்சு. டென்மார்க்கோட கிஸ் கம்பெனி, தைவான் மீடியாடெக் சிப்புன்னு ஒவ்வொண்ணா வந்து, கம்ப்யூட்டர்ல மட்டும் ஓடினது டிவி பக்கத்துப் பொட்டியிலயும் ஓட ஆரம்பிச்சுது. திருட்டு விசிடி விக்கிறவங்களுக்கும் இதெல்லாம் வசதியாத்தான் போச்சு. 2004-ல தமிழ்நாட்டுல குண்டர் சட்டத்துக்குள்ளயே அவங்களைக் கொண்டு வந்தாங்க.

2006 தேர்தலுக்குப் பிறகு அரசாங்கம் 14 இன்ச் இலவசக் கலர் டிவி குடுத்துச்சு. டிவி வந்த வீட்டுல அடுத்து வாங்கினது பிளேயர்தான். எங்க தெருவுல யாரும் படம் தெளிவா இருக்கான்னு கேட்டு வாங்கல. "எல்லா சிடியும் படிக்குமா?" இதான் ஒரே கேள்வி. கடைக்காரரும் முகப்புல ஒட்டியிருக்கிற எழுத்தைக் காட்டுவார்: டிவிடி, விசிடி, எம்பி3, ஜேபெக், எம்பெக்-4. எழுத்து எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்ல பிளேயர்.

அந்த எழுத்தை நம்பித்தான் நானும் ஒருதடவை ஏமாந்தேன். யுஎஸ்பி வச்ச பிளேயர், 'எம்பெக்-4' எழுதியிருந்துச்சு. போன்ல எடுத்த வீடியோவைப் பென் டிரைவ்ல போட்டா சத்தம் மட்டும் வருது, படம் இல்ல. இதைப் புரிஞ்சுக்க நம்ம நெல்லு வியாபாரமே போதும். ஏவிஐ, எம்பி4ங்கிறதெல்லாம் சாக்கு. உள்ள இருக்கிற ரகம் வேற. பழைய பிளேயர்ல எம்பெக்-4ன்னா டிவ்எக்ஸ் வகை. போன் எடுக்கிறது பெரும்பாலும் 2003-ல வந்த எச்.264. அதுவும் எம்பெக்-4 குடும்பம்தான், ஆனா அண்ணன் வேற, தம்பி வேற. சாக்கைப் பாத்து நெல்லு வாங்கக் கூடாது, கையை விட்டு அள்ளிப் பாக்கணும்.

அதனால மருமகனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். அட்டையில எழுதியிருக்கிறதைப் படிக்காதே. உன்கிட்ட இருக்கிற தட்டைக் கடைக்கு எடுத்துட்டுப் போ. எழுதின விசிடி ஒண்ணு, கீறல் விழுந்தது ஒண்ணு, டிவிடி ஒண்ணு, வீடியோ போட்ட பென் டிரைவ் ஒண்ணு. நாலையும் கடையிலயே ஓட்டிப் பாரு. பென் டிரைவ் ஃபேட்32 வகையில இருந்தாத்தான் நிறையப் பிளேயர் படிக்கும், அதுல 4 ஜிபிக்கு மேல ஒரே கோப்பா வைக்க முடியாது. கடைசியா, உங்க டிவியில மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டை இன்னும் இருக்கான்னு பாத்துக்க. புது டிவி பலதுல அது இல்ல. இல்லன்னா எச்டிஎம்ஐ உள்ள பிளேயராப் பாரு.

மூணாவது கடையிலதான் எங்க சிடி ஓடுச்சு. கடைக்காரர் பொறுமைசாலி, மத்தவங்க வந்தும் எங்களை விரட்டல.

வீட்டுக்கு வர்றதுக்கு முன்ன ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர்ல மூணு சிடியையும் நகல் எடுத்துடலாம்னு போட்டோம். உள்ள 'எம்பெக்ஏவி'ன்னு ஒரு அடுக்கு, அதுக்குள்ள 'டாட்' கோப்பு, அதுதான் படம். முதல் ரெண்டும் வந்துடுச்சு. மூணாவது பாதியிலயே பிழைன்னு நின்னு போச்சு. அப்பா வர்றது அந்த மூணாவதுலதான். சிடி-ஆர் சாயம் வருஷம் போகப் போக மங்கும், வெயில் பட்டா இன்னும் சீக்கிரம். எங்க டப்பா இருந்தது ஓட்டுக்கு நேர் கீழ.

வீட்டுக்கு வந்து புதுப் பிளேயர்ல போட்டோம். கம்ப்யூட்டர் ஒரு எழுத்து கெட்டாலும் நகல் எடுக்கிறதை நிறுத்திடும். பிளேயர் அப்படி இல்ல, கெட்ட இடத்துல தடுக்கி விழுந்து எந்திரிச்சு ஓடும். கட்டம் கட்டமா உடைஞ்சுச்சு, நின்னுச்சு, திரும்ப ஓடுச்சு. சம்பந்தி வீட்டாரை அழைச்சுக்கிட்டு அப்பா பந்தல்ல நடந்து வர்றார். துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு கேமராவைப் பாத்து, எதுக்குடா என்னை எடுக்கிறேங்கிற மாதிரி கையை ஆட்டுறார். பத்துப் பன்னெண்டு செகண்டு இருக்கும்.

மருமகன் போனை எடுத்து டிவியையே படம் புடிச்சான். மூணு தடவை திருப்பிப் போடச் சொன்னான். தங்கச்சி அடுப்படியில இருந்து வந்தவ உக்காரவே இல்ல, நிலைப்படியில சாஞ்சு நின்னுக்கிட்டே பாத்தா.

உங்க வீட்டுப் பரண்லயும் இப்படி ஒரு டப்பா இருக்கும். படிக்கிற பொட்டி கடையில கிடைக்கிற வரைக்கும்தான் அதுக்கு ஆயுசு. இந்த ஞாயித்துக்கிழமையே இறக்கிப் பாருங்க.