கட்டி முடித்த கடனும் மூடாத கொப்பியும்

கொஞ்சம் நீண்ட பதிவு. தேத்தண்ணி ஒன்றோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

"சேர், லீசிங்க முழுசாக் கட்டி முடிச்சிட்டன். புதுசா ஒரு லோனுக்குப் போனா கிரிப்ல பிரச்சின இருக்காம் எண்டு திருப்பி அனுப்பிட்டாங்க. காசக் குடுத்ததுக்குப் பிறகும் என்ன பிரச்சின?"

2022 நெருக்கடிக்குப் பிறகு இந்தக் கேள்வியை ஊரில் பலரிடம் கேட்டுவிட்டேன். திரீவீல் ஓடுகிறவர், சின்னக் கடை வைத்திருப்பவர், வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய காசில் பாக்கியை அடைத்த தாய் என்று எல்லோருக்கும் ஒரே கவலை. நான் வரலாறு படிப்பிக்கிறவன், வங்கிக்காரன் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் வங்கியில் இருப்பதை விட வரலாற்றில்தான் கூட இருக்கிறது.

முதலில் ஒரு விடயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கடனை எழுதி வைப்பது உலகத்தில் புதிய வழக்கம் இல்லை. குர்ஆனின் மிக நீண்ட வசனமே, அல்பகராவின் 282 ஆவது வசனம், கடனை எழுதிக்கொள்வது பற்றியதுதான். அந்த எழுத்து கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் நடுவில் இருப்பது. சாட்சி இருக்கும், இரண்டு பேருக்கும் பாதுகாப்பு. கடன் தீர்ந்தால் அந்தக் காகிதத்தின் வேலையும் தீர்ந்தது. கிரிப் அறிக்கை அந்த வகைக் காகிதம் இல்லை. அது கடனைப் பற்றியதை விட ஆளைப் பற்றியது. இந்த இரண்டாவது வகை எழுத்து எப்போது, யாரால் தொடங்கியது என்பதுதான் கதை.

கதை நியூயோர்க்கில் தொடங்குகிறது. ஆர்தர் டப்பன், லூயிஸ் டப்பன் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர் அங்கே பட்டு வியாபாரம் செய்தார்கள். மொத்தமாக வாங்கி, தூர ஊர்க் கடைக்காரர்களுக்குக் கடனுக்கு விற்பார்கள். இரண்டு பேருமே அடிமை முறையைத் தீவிரமாக எதிர்த்தவர்கள். அதற்காக 1834 இல் ஒரு கும்பல் லூயிஸின் வீட்டுக்குள் புகுந்து சாமான்களை அடித்து நொறுக்கியது. 1837 இல் அமெரிக்காவில் பெரிய பொருளாதார நெருக்கடி வந்தது. கடனுக்கு வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. டப்பன்களின் நிறுவனம் பத்து இலட்சம் டொலருக்கும் மேல் கடனோடு நின்றுபோனது. அந்தக் காலத்து பத்து இலட்சம் டொலர்! ஓடி ஒளியாமல் ஒன்றரை வருடத்துக்குள் அதைக் கட்டி முடித்தார்கள்.

அந்த அனுபவத்திலிருந்துதான் லூயிஸ் 1841 இல் "மெர்கன்டைல் ஏஜென்சி" என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். வேலை இதுதான்: ஊருக்கு ஊர் ஆட்களை வைத்து, அதிகமாக வக்கீல்மாரை வைத்து, எந்தக் கடைக்காரர் எப்படிப்பட்டவர் என்று எழுதி அனுப்பச் செய்வது. ஆபிரகாம் லிங்கனும் வக்கீலாக இருந்த காலத்தில் இப்படி எழுதி அனுப்பியவர்களில் ஒருவர். வந்த கடிதங்களைப் பெரிய பெரிய கொப்பிகளில் பெயர்த்து எழுதுவார்கள். கடனுக்குச் சாமான் கொடுக்க நினைக்கிற நியூயோர்க் வியாபாரி சந்தா கட்டிவிட்டு ஒபீசுக்குப் போனால், எழுதுவினைஞர் அந்தப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டுவார்.

அந்தக் கொப்பிகளில் கடன் தொகை மட்டும் இருந்தது என்று நினைக்க வேண்டாம். குடிப்பாரா, மனைவி வீட்டில் சொத்து இருக்கிறதா, மாமனார் யார், உழைப்பாளியா, முன்பு ஒரு முறை கடை மூடியவரா, எல்லாம் இருந்தது. நமது ஊரில் கல்யாணப் பேச்சு வந்தால் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்போமே, கிட்டத்தட்ட அதே விசாரணைதான். வித்தியாசம் என்னவென்றால், விசாரிக்கப்படுகிறவருக்கு விசாரணை நடப்பதே தெரியாது. அந்தக் கொப்பிகள் இன்றைக்கும் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் பேக்கர் நூலகத்தில் இருக்கின்றன, 2,500 க்கும் மேற்பட்ட தொகுதிகள். கடன்காரர்களும் போய்விட்டார்கள், கடனும் போய்விட்டது. எழுத்து இருக்கிறது.

தவறாக எழுதப்பட்டால்? 1848 இல் ஒஹாயோ மாநிலத்தில் நோர்வோக் என்ற சின்ன ஊரில் பியர்ட்ஸ்லி என்ற சகோதரர்களின் கடையைப் பற்றி, அண்ணனின் மனைவி விவாகரத்துக் கேட்கப் போகிறார், கடை விழப்போகிறது என்ற மாதிரி ஒரு தகவல் போனது. அவர்கள் ஏஜென்சி மேல் வழக்குப் போட்டார்கள். அதற்குள் டப்பனின் பங்காளியாகியிருந்த பெஞ்சமின் டக்ளஸிடம் தகவல் தந்தவர் யார் என்று நீதிமன்றம் கேட்டது. பெயரைச் சொல்ல மறுத்து 20 நாள் சிறையில் இருந்தார். ஜூரி 1851 இல் பியர்ட்ஸ்லிக்கு 10,000 டொலர் கொடுக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 1870 இல் தள்ளுபடி செய்தது. கிட்டத்தட்ட இருபது வருடம் ஒரு மனிதன் தன்னைப் பற்றி எழுதப்பட்ட சில வரிகளோடு மல்லுக்கட்டினான்.

இதுவரை வியாபாரிகளின் கதை. சாதாரணக் குடும்பங்களின் பெயர் எழுதப்பட ஆரம்பித்தது பிறகுதான். 1899 இல் அட்லான்டாவில் வூல்ஃபோர்ட் சகோதரர்கள் ரீட்டெயில் கிரெடிட் கம்பனியை ஆரம்பித்தார்கள். கடைகளுக்குப் போய், கடன் கொப்பியைப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பு: "நேரத்துக்குக் கட்டுபவர்", "தாமதிப்பவர்", "கைக்காசு கேட்கவும்". இதை ஒரு புத்தகமாகப் போட்டுக் கடைக்காரர்களுக்கு விற்றார்கள். நமது சந்திக் கடை நானாவின் மனதில் இருக்கும் அதே மூன்று பிரிவுகள்தான், இல்லையா? ஆனால் நானா மறந்துவிடுவார், அல்லது உங்கள் வாப்பாவின் முகத்துக்காக விட்டுக்கொடுப்பார். அச்சடித்த புத்தகத்துக்கு முகம் தெரியாது. இன்று உலகம் அறிந்த ஈக்விஃபாக்ஸ் அந்தக் கம்பனியின் பேரப்பிள்ளைதான்.

மேலே சொன்ன குறிப்பில் "எவ்வளவு கடன் பாக்கி" என்பது இல்லை என்பதைக் கவனியுங்கள். "எப்படிக் கட்டினார்" என்பதுதான் இருக்கிறது. லீசிங் கட்டி முடித்தவரின் கேள்விக்கு விடை இங்கேதான். நாம் கடனைக் கட்டி முடிக்கும்போது பாக்கியை இல்லாமல் ஆக்குகிறோம். ஏழு மாதம் பிந்திக் கட்டினோம் என்ற நடந்த விடயத்தை இல்லாமல் ஆக்க முடியாது. வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் சொல்வேன்: மூன்றாம் தவணையில் 90 எடுத்தாலும் முதலாம் தவணையின் 35 றிப்போட்டில் அப்படியேதான் இருக்கும். (பாடசாலைக்கும் தவணை, லீசிங்குக்கும் தவணை. எங்கள் தமிழ் முன்பே யோசித்து வைத்திருக்கிறது!) ஆனால் அந்த 90 வீண் இல்லை. அடுத்த றிப்போட்டில் பார்ப்பவரின் கண் முதலில் போவது அதில்தான்.

பிறகு இதை இலக்கமாக மாற்றினார்கள். 1956 இல் பில் ஃபெயர் என்ற பொறியியலாளரும் ஏர்ல் ஐசக் என்ற கணித அறிஞரும் கலிஃபோர்னியாவில் ஒரு கம்பனி தொடங்கினார்கள். ஆளைப் பார்த்து முடிவெடுக்காமல் கணக்குப் போட்டு முடிவெடுக்கலாம் என்பது அவர்களின் யோசனை. தோல் நிறம், மதம், பெண் என்றெல்லாம் பார்த்துக் கடன் மறுத்த காலத்தில் அது ஒரு முன்னேற்றமும்தான். 1989 இல் ஃபைக்கோ ஸ்கோர் வந்தது. அதில் 35 சதவீதம் நேரத்துக்குக் கட்டினீர்களா என்பது. 30 சதவீதம் இப்போது எவ்வளவு பாக்கி என்பது. மிச்சம் எத்தனை வருடமாகக் கடன் வாங்கிக் கட்டுகிறீர்கள், புதிதாகக் கேட்டிருக்கிறீர்களா, எத்தனை வகைக் கடன் என்பவை.

இதனால் அங்கே ஒரு வேடிக்கை நடக்கிறது. கிரெடிட் கார்ட் பாக்கியை அடைத்தால் ஸ்கோர் சீக்கிரமே ஏறும். ஆனால் ஒரேயொரு வாகனக் கடன் வைத்திருந்தவர் அதைக் கடைசிச் சதம் வரை கட்டி முடித்தால் ஸ்கோர் சற்று இறங்கவும் கூடும். காரணம், நடந்துகொண்டிருந்த ஒரு கணக்கு மூடப்பட்டுவிட்டது. கடன் இல்லாத மனிதனைப் பற்றி அந்தக் கணக்குக்கு அதிகம் தெரியாது! கடன் இல்லாமல் வாழ்வதை நிம்மதி என்று நினைக்கும் நமக்கு இது விளங்கக் கஷ்டம்தான்.

இன்னொன்று இதைவிடக் கொடுமை. வசூல் கம்பனிக்குப் போன பழைய பாக்கியை ஒருவர் கட்டினாலும், பழைய முறையில் அது ஸ்கோரில் குறையாகவே நின்றது. கட்டியவரையும் கட்டாதவரையும் ஒரே தட்டில் வைத்தார்கள். 2014 இல் வந்த ஃபைக்கோ 9 தான் கட்டி முடித்த வசூல் பாக்கியைக் கணக்கில் எடுக்காமல் விட்டது. 2022 ஜூலையில் அங்குள்ள மூன்று பெரிய நிறுவனங்களும் கட்டி முடித்த மருத்துவப் பாக்கிகளை அறிக்கையிலிருந்தே எடுத்தன.

இவை சும்மா வந்தவை இல்லை. 1960களின் கடைசியில் செனட்டர் வில்லியம் ப்ராக்ஸ்மயர் போன்றவர்கள் பாடுபட்டதால்தான் 1970 இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. உங்களைப் பற்றிய கோப்பில் என்ன இருக்கிறது என்று அறியும் உரிமை உங்களுக்கு உண்டு. பிழை என்றால் மறுக்கலாம். பெரும்பாலான பாதகமான தகவல்களை ஏழு வருடத்துக்குப் பிறகு சொல்லக்கூடாது. டப்பன் கொப்பியைத் திறந்து 129 வருடம் கழித்துத்தான் அந்தக் கொப்பிக்கு மறக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

நமது நாட்டுக்கு வருவோம். பிரித்தானியர் காலத்தில் கொழும்பிலிருந்த வெளிநாட்டு வங்கிகள் நம்மவர்களுக்கு நேரடியாகக் கடன் கொடுப்பது அரிது. அவை நாட்டுக்கோட்டைச் செட்டிமாருக்குக் கொடுக்கும், அவர்கள் நம் வியாபாரிகளுக்குக் கொடுப்பார்கள். யார் நாணயமானவர் என்ற அறிவு ஒரு சிலரின் மனதில்தான் இருந்தது. 1934 இல் வந்த வங்கி ஆணைக்குழு அறிக்கைக்குப் பிறகு 1939 இல் இலங்கை வங்கி தொடங்கியது. 1990 ஆம் ஆண்டு 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கை கொடுகடன் தகவல் பணியகம், நாம் கிரிப் என்கிறோமே, அது உருவானது. தனிமனிதர் தன் அறிக்கையைத் தானே எடுக்கும் வசதி அதற்கும் பல வருடங்கள் கழித்துத்தான் வந்தது.

சரி, நம்ம ஆட்கள் அறிய வேண்டியவை. கிரிப் யாரையும் கறுப்புப் பட்டியலில் போடுவதில்லை. வங்கியும் பினான்ஸ் கம்பனியும் லீசிங் கம்பனியும் கொடுக்கும் தகவலைச் சேர்த்து வைத்து, கேட்கும் நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. லோன் தருவதா இல்லையா என்பது அந்த வங்கியின் முடிவு. ஆகவே ஒரு வங்கி மறுத்தால் எல்லாக் கதவும் மூடிவிட்டது என்று அர்த்தம் இல்லை. சந்திக் கடைக் கொப்பியும் நமது சீட்டும் அங்கே போவதில்லை. அதனால் அவற்றை ஒழுங்காகக் கட்டியதற்கான நற்பெயரும் அங்கே போவதில்லை.

கட்டி முடித்தவுடன் செட்டில்மென்ட் கடிதத்தை எழுத்தில் வாங்குங்கள். பிறகு சில வாரம் கழித்து உங்கள் கிரிப் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். "பாக்கி இல்லை" என்று மாறியிருக்க வேண்டும். மாறவில்லை என்றால் அது பிழை, அந்தக் கடிதத்தோடு போய்த் திருத்தக் கேளுங்கள். முன்பு பிந்திக் கட்டியது தெரிந்தால் அது பிழை இல்லை, வரலாறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் சண்டை பிடிக்கிறார்கள்.

இந்தக் குழப்பத்தை வைத்தே சிலர் உழைக்கிறார்கள். "இவ்வளவு தாங்க, கிரிப்பில் பெயரை எடுத்துத் தாறோம்" என்று வட்ஸ்அப்பில் வருகிறதே, காசு கொடுக்காதீர்கள். தகவலைத் திருத்தக் கூடியது அதைக் கொடுத்த நிறுவனம்தான். அதுவும் தகவல் பிழையாக இருந்தால்தான். ஏற்கனவே கடனில் முறிந்த மனிதனிடம் இன்னும் பத்தாயிரம், இருபதாயிரம் பிடுங்குவது என்ன தொழில் என்று எனக்கு விளங்கவில்லை.

கடைசியாகப் பிணையாளிகள். மச்சானுக்கு, நண்பனுக்கு என்று முகத்துக்காகக் கையொப்பம் வைத்தவர்களின் அறிக்கையிலும் அந்தக் கடன் தெரியும். ஆகவே பிந்திப் போனவர்கள், தயவுசெய்து உங்களுக்காகக் கையெழுத்து வைத்தவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் தன் மகளின் படிப்புக்கு லோன் கேட்டுப் போய் வங்கியில் வைத்துத் தெரிந்துகொள்ள வைக்காதீர்கள். கட்டி முடித்ததும் செட்டில்மென்ட் கடிதத்தின் ஒரு பிரதியை அவருக்கும் கொடுங்கள்.

அறிக்கை எடுக்கும் போர்மை நிரப்பத் தெரியாதவர்கள் யாரும் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு உட்கார்ந்து செய்து தரலாம், இன்ஷா அல்லாஹ்.